பாஸ்டரின் நகமும் மாபெலின் முதுகும்

செப்டம்பர் 27, சனி

மூன்றாம் எண் கன்வேயரில் பேரிங் போய்விட்டது. அதை மாற்றிப் பொருத்தப் பதினொரு மணி நேரம் சுரங்கத்தில். வீட்டுக்கு வந்ததும் கோழிகளுக்குத் தீனி. அப்போதுதான் பார்த்தேன் — மாபெலின் முதுகில் இறகே இல்லை. உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல். சிவந்து, ஒரு இடத்தில் கீறலும். பீனட்டுக்கும் ஆரம்பித்திருக்கிறது.

காரணம் தேட வேண்டியதில்லை. ஆறு பெட்டைகளுக்கு ஒரு சேவல், பாஸ்டர். அந்தச் சேவலுக்கு இரண்டு பேரைத்தான் பிடிக்கும். ஏறும்போது நகத்தால் முதுகைப் பற்றிக்கொள்கிறது. தினமும் அதே முதுகு. தேய்மானம். வேறென்ன.

கோழிகள் கிரிஸ்டா அக்காவுடையவை. அவள் ஏரிக்கப்பலில் சமையல்காரி. ஜனவரி நடுவில், கப்பல்கள் கடக்கும் மதகைப் பனிக்காலத்துக்கு மூடும்வரை வரமாட்டாள். இன்று கப்பலிலிருந்து கூப்பிட்டாள். "எல்லாரும் நல்லா இருக்காங்களா?" "இருக்காங்க." முதுகைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன்? சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான். உடைந்ததைக் காட்டி என்ன பயன்.

செப்டம்பர் 29

டார்லா பெல்டியரிடம் கேட்டேன். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் சீட்டுக்கு உறை தைப்பவள், பள்ளியில் என்னோடு படித்தவள், வீட்டில் நாற்பது கோழி.

"பாஸ்டரை சூப் வச்சிடு. பத்துப் பொட்டைக்கு ஒருத்தன்னாத்தான் கட்டுப்படியாகும். ஆறுக்கு ஒருத்தன்னா பாவம் அதுங்க."

முடியாது என்றேன். அதை அக்கா முட்டையிலிருந்து கையில் வைத்து வளர்த்தது. தினமும் விடியலில் பிரசங்கம் செய்கிறது என்று பாஸ்டர் எனப் பெயர் வைத்ததும் அவள்தான். போன வருஷம் பருந்து இறங்கியபோது நடுவில் போய் நின்றதும் இதுவே.

"அப்ப ஏப்ரன் தைச்சுப் போடு."

"கோழிக்கா?"

"பின்ன உனக்கா? உனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

முதுகை மூடும் துணி, சிறகைச் சுற்றி இரண்டு பட்டை. அவ்வளவுதான். நகம் துணியில் படும், தோலில் படாது. தேயும் இடத்துக்கு உறை போடுவது என் தொழில். கோழிக்குப் போட முடியாதா?

அக்டோபர் 1

முட்டை குறைகிறது. பகல் சுருங்கினால் அப்படித்தான். கொட்டகையில் விளக்கும் டைமரும் மாட்டினேன். தினம் பதினாறு மணி நேர வெளிச்சம். இங்கே பாதிப் பேர் செய்வது. பத்து நிமிஷ வேலை.

அக்டோபர் 4, சனி

முதல் ஏப்ரன்: மெல்லிய பிளாஸ்டிக் தகடு, முதுகு வளைவுக்கு ஏற்ப சூடாக்கி வளைத்தது. கணினியில் வரைந்து, அளவு சரிபார்த்து, துல்லியமாக.

மாபெலுக்கு மாட்டினேன். பின்னாலேயே நடந்தாள். சுவர் வரைக்கும் போய், இடித்து, திரும்பி, மறுபடியும் பின்னால். தனக்குப் பின்னால் ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள்போல. பிறகு ஒருக்களித்துப் படுத்து அசையவே இல்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கழற்றியதும் எழுந்து தீனிக்கு ஓடினாள்.

வளையாத பொருள் உதவாது. உடம்பு மூச்சு விடுகிறது, தகடு விடாது. இது முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

அக்டோபர் 8

இரண்டாவது: என் பழைய வேலைக்கோட்டின் பழுப்புக் கான்வாஸ். உள்ளே பருத்தித் துணி. பட்டை ஒரு அங்குல அகல எலாஸ்டிக் — குறுகலாக இருந்தால் சிறகின் அடியில் அறுக்கும். டார்லா தன் மெஷினில் என்னையே உட்காரவைத்தாள். நூல் நான்கு முறை சிக்கியது. "சுரங்கத்துல இத்தனை மிஷினை ஓட்டறவன்" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

மாபெல் பத்து நிமிஷம் பின்னால் நடந்தாள். பிறகு மறந்துவிட்டாள். பாஸ்டர் ஏறினான், கால் துணியில் நின்றது. பீனட்டுக்கும் ஒன்று போட்டேன். பாஸ்டரின் நகத்தையும் கால்முள்ளையும் சின்ன அரைப்பானால் மழுக்கினேன். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறான்.

வாரம் ஒரு முறை கழற்றி அடியில் பேன் இருக்கிறதா பார்க்க வேண்டும். ஞாயிறு என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கீறல் ஆறிவிட்டது. பேன் இல்லை. ஆனால் இறகு — ஒன்றுகூட இல்லை. பதினெட்டு நாள். ஏன்?

நவம்பர் 9, ஞாயிறு

இல்லை. அளவை மாற்றினேன், பட்டையைத் தளர்த்தினேன், துணியை மாற்றினேன். நான்காவது வடிவம் இது. முதுகு அதே முதுகு. குளிர் வந்துகொண்டிருக்கிறது. வெறும் முதுகோடு பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் ஒரு கோழி எத்தனை நாள் தாங்கும்? தெரியவில்லை. தெரியாதது எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 14

நாளை மான் வேட்டை தொடக்கம். சுரங்கமே பாதி காலியாகிவிடும். கொட்டகைக்குப் பின்னால் காடு. பழுப்புக் கான்வாஸ் போட்ட கோழி புதரில் அசைந்தால் எவனாவது மான் என்று சுட்டு வைப்பான். இந்த ஊரில் நாய்க்கும் குதிரைக்கும் ஆரஞ்சுத் துணி கட்டாமல் வெளியே விடமாட்டார்கள். கோழிக்கு மட்டும் என்ன விலக்கு. பழைய ஆரஞ்சுப் பாதுகாப்பு வெஸ்டை வெட்டி இரண்டு ஏப்ரன் தைத்தேன். ஒளி பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டையும் அப்படியே இருக்கிறது. இரண்டு பேருக்கும் மாட்டிவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார்கள். சாலைப் பணியாளர்கள் மாதிரி.

நவம்பர் 15, சனி

பீனட் செத்துட்டா.

நவம்பர் 16

நேற்று காலை ஆறுக்கு வேலைக்குப் போனேன், ஐந்துக்கு வந்தேன். மாபெல் முட்டையிடும் பெட்டிக்குள் பதுங்கியிருந்தாள், ஏப்ரன் கந்தல். பீனட் மூலையில். மற்ற நாலு பேரும் கொத்தியிருக்கிறார்கள். முதலில் வெள்ளிப் பட்டையை, பிறகு பிரிந்த நூலை, பிறகு வாலடியில் ஒரு துளி ரத்தம் தெரிந்ததும் — நிறுத்தவே இல்லை.

கோழி சிவப்பைக் கொத்தும். மின்னுவதைக் கொத்தும். எனக்குத் தெரியும். தீனித் தட்டின் அடிப்பாகம் சிவப்பாக இருப்பது எதற்காக? அவை கொத்தட்டும் என்றுதானே. தெரிஞ்சே பண்ணிருக்கேன். காட்டுல இருக்கறவன் துப்பாக்கியப் பத்தி யோசிச்சேன், உள்ள இருக்கற நாலு அலகைப் பத்தி யோசிக்கல.

பிர்ச் மரத்தடியில் புதைத்தேன். மண் மேலே இரண்டு அங்குலம் உறைந்திருந்தது.

நவம்பர் 19

கப்பலுக்கு இன்றுதான் சிக்னல் கிடைத்தது. நானே கூப்பிட்டேன். "பீனட் செத்துட்டா. என் தப்பு." எப்படி என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்: முதுகு, ஏப்ரன், ஆரஞ்சு.

அவள் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும்.

"செப்டம்பர்லேர்ந்தா?"

"ஆமா."

"அப்பல்லாம் நல்லா இருக்காங்கன்னியே வெஸ்லி."

வழக்கம்போல வெஸ் என்று கூப்பிடவில்லை.

"எல்லாத்தையும் டார்லாகிட்ட விட்டுடு. உனக்கு இதெல்லாம் ஒத்துவராது. திட்டணும்னு சொல்லல. ஒத்துவராது, அவ்ளோதான்."

"இல்ல. அஞ்சு இருக்கு. நீ வரும்போது அஞ்சு இருக்கும்."

"அடம் பிடிக்காத."

"அடம் இல்ல."

அடம்தான். இருக்கட்டும்.

நவம்பர் 20

மாபெல் மறுபடி பழுப்பு ஏப்ரனுக்கு மாறினாள். சுரங்கத்து ஆய்வறையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து முதுகைப் பார்த்தேன். வெறும் தோல் என்று நினைத்தது வெறும் தோல் இல்லை. ஒவ்வொரு குழியிலும் உடைந்த இறகுத் தண்டின் அடித்துண்டு அப்படியே இருக்கிறது, அறுத்த வயலில் நிற்கும் சோளத்தட்டை மாதிரி.

மாவட்ட வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண். அவசரமே இல்லாத குரல்.

"பிடுங்கி எறிஞ்ச இறகு தானா முளைச்சிடும் தம்பி. உடைஞ்சது முளைக்காது. அந்தத் துண்டு உதிரணும். இறகு மாத்தற பருவத்துலதான் உதிரும். பகல் குறைஞ்சா தானா ஆரம்பிச்சிருக்கணுமே இந்நேரம்?"

"ஆரம்பிக்கல."

"கொட்டகைல லைட் போட்டிருக்கியா?"

"பதினாறு மணி நேரம்."

"அப்ப அதுங்களுக்கு இன்னும் ஜூன் மாசம்."

போனை வைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏழு வாரம். துணியை மாற்றினேன், பட்டையை மாற்றினேன். மாட்டியவன் நான், டைமரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேனா?

நவம்பர் 21

யோசித்தேன். விளக்கை அணைத்தால் எல்லா இறகும் உதிரும். டிசம்பரில், இந்த ஊரில். அணைக்காவிட்டால் மாபெல் குளிர்காலம் முழுக்க வெறும் முதுகோடு. இரண்டும் மோசம். ஆனால் முதலாவதுக்கு முடிவு உண்டு: எட்டு வாரம். இன்றிலிருந்து எட்டு வாரம் என்றால் ஜனவரி பதினாறு.

விளக்கைப் படிப்படியாகக் குறைக்கிறேன். முட்டை எனக்கு வேண்டாம்.

நவம்பர் 29, சனி

புது இறகு முளை ரத்தம் நிறைந்தது, தொட்டாலே வலிக்குமாம். பாஸ்டர் அங்கே இருக்கக்கூடாது. தனியாகக் கொட்டகை கட்ட நேரம் இல்லை. நீராவிக் குளியல் எடுக்கும் சௌனாவின் உடைமாற்றும் அறைக்கு மாற்றினேன். வைக்கோல், தண்ணீர், கொக்கியில் தொங்கும் என் துண்டு. துண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

டார்லா வழக்கமான சனிக்கிழமைச் சௌனாவுக்கு வந்தாள், கதவைத் திறந்தாள், பார்த்தாள்.

"இனிமே பாஸ்டர் முன்னாடிதான் துணிய அவுக்கணுமா?"

"திரும்பி நிக்கச் சொல்றேன்."

"பாவமன்னிப்பும் கொடுப்பானா? எனக்கு லிஸ்ட் பெருசு."

இரண்டு மாதத்தில் இன்றுதான் சிரித்தேன்.

டிசம்பர் 7

கொட்டகையில் தலையணை கிழிந்த மாதிரி இறகு. ஐந்தும் உதிர்க்கின்றன. மாபெலின் முதுகில் உடைந்த துண்டுகள் போய்விட்டன. அந்த இடத்தில் நீலமாக முளைகள், முள்ளம்பன்றி மாதிரி. ஏப்ரன் அதில் உரசக்கூடாது. ஏப்ரன் இல்லாவிட்டால் மற்றவர்கள் அந்த நீலத்தைக் கொத்துவார்கள். குளிரும்.

ஐந்தாவது வடிவம்: ஃபிளானல் உள்துணிக்குள் மூன்று பருத்திக் கயிறு தைத்து, வில் மாதிரி வளைத்தேன். துணி முதுகிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. சின்னக் கூடாரம். ஐந்து பேருக்கும் ஐந்து. நனைந்தால் மாற்ற இன்னும் ஐந்து. நூல் ஒருமுறைதான் சிக்கியது.

எல்லாம் பழுப்பு. ஒரே பழுப்பு. மின்னுவது ஒன்றும் இல்லை, நூல்முனைகூட வெளியே இல்லை.

டிசம்பர் 22

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று. மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். மேலாளர் காரணம் கேட்டார். "கோழி" என்றேன். நான் கேலி பேசுகிறவன் இல்லை என்று அவருக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தண்ணீர் குடிக்கும்போது ஏப்ரன் விளிம்பு நனைந்து பலகை மாதிரி உறைகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை கழற்றி, உலர்ந்ததை மாட்டி, நனைந்ததை அடுப்பின் மேல் காயப்போட்டேன். எலாஸ்டிக் மாட்டுவதற்குக் கையுறை ஒத்துவராது. வெறுங்கைதான். மாபெல் இப்போதெல்லாம் தானே சிறகைத் தூக்கிக் கொடுக்கிறாள்.

டிசம்பர் 24

பாஸ்டருக்கும் எனக்கும் சௌனா அறையில் பாஸ்டி, மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்டது. மாவின் ஓரம் அவனுக்கு. கொட்டகையில் ஐந்தும் இருக்கின்றன.

ஜனவரி 4, ஞாயிறு

முளையின் உறை பிரிந்து இறகு விரிகிறது. தூரிகையை நீரில் நனைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது. இன்று காய்ந்த தூரிகை. எண்ண ஆரம்பித்தேன், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். எனக்கு எண்ணிக்கையை விடுவது வழக்கமில்லை.

ஜனவரி 17, சனி

அக்கா வந்தாள். பையை வண்டியிலேயே விட்டுவிட்டு நேராகக் கொட்டகை. நான் பின்னால் போகவில்லை. பிறகு போனேன்.

மாபெலை மடியில் வைத்து ஏப்ரனைக் கழற்றியிருந்தாள். முதுகில் விரலை எதிர்த்திசையில் ஓட்டினாள், அடித்தோல் வரை. தோல் தெரியவில்லை. அவ்வளவு அடர்த்தி. ஏப்ரனைத் திருப்பி உள்ளே இருந்த கயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

சொன்னேன்.

"பீனட்டை எங்க வச்ச?"

பிர்ச் மரத்தைக் காட்டினேன். பனியில் முழங்கால் புதையப் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, பாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். "குண்டாயிட்டான்" என்றாள்.

நவம்பரில் கோழிகளை டார்லாவிடம் விடச் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் இங்கே இருக்கப்போகிறாள். அவளே கவனித்துக்கொள்வாள். எனக்கு வேலை இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

மதகு இந்த வாரம் திறக்கிறது. அக்கா காலையில் கிளம்பினாள். பெட்டியை வண்டியில் ஏற்றினேன். கேட்டுவிடலாம் என்றுதான் அதுவரை நின்றேன். சுற்றி வளைத்து எனக்குப் பேச வராது.

"டார்லாகிட்ட நான் பேசவா, இல்ல நீ பேசிட்டியா?"

வண்டிக் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"கோழிய அவ பார்த்துக்க."

"வெஸ், எனக்கு நேரமாச்சு. அந்தப் பக்கத்துக் கண்ணாடியச் சுரண்டு."

சுரண்டினேன். கோழிகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

கொட்டகையைத் திறந்துவிட்டேன். இன்று ஞாயிறு, ஐந்து முதுகும் பார்க்க வேண்டும்.