புறவாசலில் ஆறுமணிக்குருவி

அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு பேசினால் என் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். நீ என் தோழி சந்தனச்செல்வி வீட்டுக்கு அனுப்பிய பறவைப் புத்தகத்துக்கு அறிவியல் நோட்டு அட்டை போட்டு ஒளித்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை புறவாசல் முருங்கை மரத்தடியில், பச்சை முதுகும் சிவந்த வயிறுமாக ஒரு குருவி சோர்ந்து கிடந்தது.

"ஏளா, யாரு வீட்டுலயோ கூண்டுல வளத்ததுல்லா. தப்பிச்சு வந்துட்டு" என்று அப்பா தெருவில் விசாரிக்கக் கிளம்பினார்.

"இல்லப்பா, இது ஆறுமணிக்குருவி. ஐப்பசியில வடக்கேயிருந்து தானா வரும்" என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கு யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல இருக்கு."

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உன் கையெழுத்து இருப்பது நினைவு வந்து, புத்தகத்தைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அப்பா மேலே கேட்கவில்லை. பூனை அண்டாமல் சாயங்காலம்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு அது இரண்டு முறை கூவிவிட்டுப் பறந்தது.

"நல்லா இருக்கட்டும்" என்றார்.

நீ அத்தானோடு போன பிறகு அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை, அக்கா. அந்தப் புத்தகத்துக்காக உனக்கும் அத்தானுக்கும் எப்படி நன்றி சொல்ல…

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"ஏளா, லைட்ட அணைக்காத. ஒங்க அக்கா அனுப்புன புஸ்தகத்தக் கொண்டா, நானும் பாக்கேன்."