முப்பத்தொன்றாம் தேதி மண்டபம் யாருக்கு?

ஜூன் 9
டிரஸ்டியாகி இன்றோடு ஒரு மாதம். வலியசாலைக் கல்யாண மண்டபத்தின் புக்கிங் நோட்டும் சாவியும் என் பொறுப்பு. வித்துராவிலிருந்து விஜயம் என்றொரு பெண் வந்தாள், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். மகள் லிபிக்குக் கல்யாணம், ஆகஸ்ட் 31. எழுதிக் கொடுத்தேன். எத்தனை தரம் கும்பிட்டாள்!

ஜூன் 27
நீதுவுக்கு நாள் குறித்தாயிற்று! என் மகளுக்குக் கல்யாணம்! நாள் — ஆகஸ்ட் 31. ஐயோ, ஈசுவரா. மாப்பிள்ளை வினீத் செப்டம்பரில் துபாய் திரும்ப வேண்டும். வேறு நாள் கிடையாதாம். மற்ற ஹாலெல்லாம் நிறைந்துவிட்டன.

ஜூன் 28
என் வீட்டுக்காரர் காலையிலிருந்து ஒரே பாட்டு. "டிரஸ்டிக்க மக கல்யாணம் அந்த ஹால்ல இல்லன்னா நாலு பேரு சிரிக்க மாட்டானா? ஒரு போன் பண்ணு, அவங்க மாத்திருவாங்க."
எனக்கும் ஆசை இல்லையா? நான் தாலி கட்டிக்கொண்டதே அங்கேதான்.

ஜூலை 2
விஜயம் போன் பண்ணினாள். "சாம்பசிவன் சார் விளிச்சாரும்மா. நாங்க வேற நாளு பாத்துக்கிடுதோம். டிரஸ்டி வீட்டு விசேஷமில்லா."
சாம்பசிவன் இன்னொரு டிரஸ்டி. என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தெரியாமல் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்! சரி என்று ஒரு வார்த்தை — நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனில் பின்னால் யாரோ அழும் சத்தம். லிபியாகத்தான் இருக்கும்.
"ஒண்ணும் மாத்தண்டாம். ஹால் உங்களுக்குத்தான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஜூலை 3
டிரஸ்ட் பத்திரத்தை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். டிரஸ்டிகள் மண்டபத்தைப் பிறருக்காகக் காத்து நடத்த வேண்டும், சொந்த ஆதாயம் அடையலாகாது.
"ஒரு நாள் கல்யாணம் ஆதாயமாக்குமா?"
"முன்னால எழுதினவங்களத் தள்ளிட்டு நாம நுழைஞ்சா ஆதாயந்தான். சாவி எங்கிட்ட இருக்கு, ஹால் என்னோடது இல்ல."
இனி இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றார். நாலு தோசை தின்ற பிறகு.

ஜூலை 5
நீதுவிடம் சொல்ல இத்தனை நாள் பயந்தேன். அவளோ சிரிக்கிறாள். "அடிபொளி அம்மா! மொட்டைமாடி போதும். வினீத்துக்கும் கூட்டம் கண்டா பயமாக்கும்."
கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். தங்கம்!

ஆகஸ்ட் 31
விடியற்காலை ஐந்து மணிக்கு மண்டபத்தைத் திறந்து சாவியை விஜயத்திடம் கொடுத்தேன். லிபி பட்டுச்சேலையில் மினுங்கினாள். ஆட்டோ பிடித்து ஓடி வந்து என் மகளுக்குப் பூ வைத்துவிட்டேன். மொட்டைமாடியில் நூற்றிருபது பேர், மேலே போட்ட தகரக்கூரைமேல் மழை! நாதஸ்வரக்காரருக்கு இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தார். பாயசம் முதல் பந்தியிலேயே தீர்ந்தது. ஒருவரும் கிளம்பவில்லை. இவர் ஆடிய ஆட்டத்தை எழுதினால் வெட்கக்கேடு.

செப்டம்பர் 21
இவருடைய தம்பி ஜெயகுமார் போன் பண்ணினான். மகன் கல்யாணத்துக்குத் தை மாதம் ஒரு நாள் வேண்டுமாம், அது ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதிய நாள். நான் அடுக்களையிலிருந்து வருவதற்குள் இவரே எடுத்துவிட்டார். தெருவுக்கே கேட்கும் குரல்:
"கிட்டாதுடே! நீ யாருகிட்ட கேக்க? சொந்த மகளுக்கே குடுக்காதவளாக்கும் எம் பொண்டாட்டி!"