கை கொடுக்கக் கூடாது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. போகட்டும்.

இன்று தரையிலிருந்து எழுந்தேன்! நாற்காலியில் ஒரு கை ஊன்றித்தான். ஆனாலும் நானே எழுந்தேன்! மாதா கோவில் ஹாலில் பயிற்சி வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். பிசியோ கோகிலா மட்டும் தட்டவில்லை. அடுத்த வகுப்பில் நாற்காலி கிடையாதாம். ராட்சசி.

தவக்காலத்தில் குளியலறையில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, எழத்தான் முடியவில்லை. பால்காரம்மா ஆள் கூட்டிவந்து கதவை உடைத்துத் தூக்கும்வரை ஈரத்தில் கிடந்தேன். அருள் புதுக் கதவு போட்டான், தாழ்ப்பாள் இல்லாமல். பெற்ற மகன், பயந்துவிட்டான். புரிகிறது. ஆனால் இந்த வயதில் கதவைச் சும்மா சாத்திவைத்துக் குளிக்கும் கூச்சத்தை அவனிடம் எப்படிச் சொல்ல?

இப்போது ச.பட்டியில் இருக்கும் தன் ஃப்ளாட்டுக்கே வந்துவிடச் சொல்கிறான். இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாயிற்றாம். தரையில் உட்கார்ந்து யாரும் தொடாமல் எழுந்து காட்டினால் விடுவாயா என்று போனில் கேட்டேன். சிரித்தான். "எந்திரிச்சுட்டீங்கன்னா அப்பறம் உங்க இஷ்டங்கம்மா."

ஞாயிறு வருகிறான்.

ஜூன் 11, புதன்

கெட்டது குடி. பாதி எழுந்து தடுமாறும்போது, கூடப் பயிற்சி எடுக்கும் சரோஜாக்கா கை நீட்டினார். நானும் பிடித்துக்கொண்டேன். பழக்கம். நம்மூரில் ஒருவர் குனிந்தால் நாலு கை வந்துவிடுமே. கோகிலாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியுமுங்களா கண்ணு?" என்றார் அக்கா.

"இங்க நீங்க தூக்கி உடறீங்க. ஊட்டுல யாருங்க தூக்கி உடுவாங்க?"

பிறகு எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தனியாகப் பயிற்சி வேண்டாம் என்பது கோகிலா உத்தரவு. அதனால் சரோஜாக்கா வந்து கை கட்டி நின்றார், பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு தடவை பொத்தென்று உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை எழுந்தேன். எதையும் பிடிக்காமல்! காப்பியில் அக்காவுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை.

வாங்க: நாட்டுக்கோழி, சி.வெங்காயம், மல்லித்தழை. பாயைத் தூசு தட்ட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பூசையில் முழந்தாளிட்டேன்! எத்தனை மாதம் கழித்து! அழுகை வந்துவிட்டது.

மதியம் அருள். மேசையில் பரிமாறாமல் பாய் விரித்தேன். கோழிக் குழம்பு நன்றாக அமைந்தது. சாப்பிட்டதும், பக்கவாட்டில் திரும்பி, ஒரு முட்டி போட்டு, தொடையில் கை ஊன்றி எழுந்தேன். தட்டைக்கூட நானே எடுத்தேன். பிள்ளை வாயைத் திறந்தவன் மூடவில்லை.

அப்புறம் அவன் எழப் பார்த்தான். முடியவில்லை! நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த உடம்பு. "அம்மா, கை குடுங்க" என்று நீட்டினான்.

என் கை தானாகப் போனது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன் கண்ணு. ஒரு முட்டியப் போட்டு எந்திரி."

முக்கி முனகி எழுந்தான். விறுவிறுவென்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கோபமோ என்று பயந்தே போனேன். திரும்பி வந்தபோது கையில் தாழ்ப்பாள், ஸ்குரூ டிரைவர். வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரியானது. சரி, அவனும் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே. வாடகைக்காரரிடம் அவனே போனில் வீடு இல்லையென்று சொன்னான்.

ஜூன் 16, திங்கள்

நல்ல காற்று. துணி காய்கிறது. தாழ்ப்பாள் போட்டுக் குளித்தேன்.