மாமாவின் பொறுப்பில் பதினாறு குத்துப் புல்

அக்டோபர் 12

என் எலிக்குட்டிக்கு மாமா எழுதுவது.

நீ அங்கே தோட்டப் படிப்பில் மூழ்கிக் கிடப்பாய். கிட. இங்கே நீ மூன்று வருடமாக வளர்த்த அழகுப்புல் என் கையில் ராஜா வீட்டுப் பிள்ளையாக இருக்கிறது. உயரமாக வளர்ந்து குஞ்சம் விட்டிருப்பதற்குக் குதிரைவால் என்று பெயர் வைத்துவிட்டேன். குட்டையாக, நீலமாக, விறைத்துக்கொண்டு நிற்பதற்கு இன்ஸ்பெக்டர். மாலை வெயிலில் குதிரைவால் தங்கமாக மின்னும்போது தெருவில் போகிற பஸ்ஸே நின்று பார்க்கிறது. “ஸ்டாப் நம்ம வாசல்லதானேடா இருக்கு” என்கிறாள் உன் அம்மா. என் அக்காவுக்கு ரசனை எப்போதும் கொஞ்சம் மட்டு.

நகராட்சிப் பூங்கா அதிகாரியும் வந்தார். “யாருங்க வளர்த்தது?” என்றார். “நாந்தான், முப்பது வருஷ அனுபவம்” என்றேன். முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டினேன் என்றால் மதிப்பாரா? புது ஆஸ்பத்திரி முற்றத்துக்கு நாற்பது குத்து கேட்டார். டிசம்பருக்குள் பிரித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் மாமா இப்போது ஊருக்கே புல் ஆலோசகர்.

பெருமையுடன்,
மாமா

நவம்பர் 20

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வரைக்கும் சிரித்தோம்.

மாமா, தயவுசெய்து மண்வெட்டியைத் தொடாதீர்கள். குளிரில் குதிரைவால் தூங்குகிறது. இப்போது பிரித்தால் தூர் அழுகிவிடும். இலை காய்ந்து பழுப்பாக நின்றாலும் வெட்ட வேண்டாம், அதுதான் தூருக்குப் போர்வை. பிப்ரவரி கடைசியில் கயிற்றால் கட்டி, ஒரு சாண் விட்டு அறுங்கள். இன்ஸ்பெக்டரை அறுக்கவே கூடாது, விரலால் கோதிக் காய்ந்ததை மட்டும் எடுங்கள். அடியில் பச்சை முளை வந்த பிறகுதான் பிரிக்கலாம்.

ஏப்ரலில் நான் வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு என்னிடம் இருப்பது அந்த ஒரு பாத்திதான். மற்றதெல்லாம் காகிதம். அதிகாரியிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள் மாமா.

அன்புடன்,
எலிக்குட்டி

டிசம்பர் 4

எலிக்குட்டிக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் நடக்கிறது. ஒரே ஒரு சங்கடம். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய குதிரைவாலை ஒரு நாய் தோண்டிவிட்டது. சாதாரண நாயில்லை, கன்றுக்குட்டி உயரம். நான் ஒற்றை ஆளாக நின்று விரட்டினேன். வேட்டியில் ஒரு முழம் போச்சு. அதிகாரியிடம் இன்னும் பேசவில்லை. ஆஸ்பத்திரி திறப்புக்கு என்னை மேடையில் உட்கார வைக்கப் போவதாகப் பேச்சு. பார்ப்போம்.

மாமா

டிசம்பர் 13

எலிக்குட்டிக்கு,

நாய் இல்லை. நான்தான்.

உன் கடிதம் வந்து சேர்ந்ததற்கு முதல் நாள், எதிர்வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று பெரிய குத்தை நாலாகப் பிளந்தேன். நாலும் கறுத்து, கை வைத்தால் கொழகொழவென்று வருகிறது. உன் அம்மா போய் எதிர்வீட்டு நாயின்மேல் புகார் சொல்லிவிட்டாள். அதற்குப் பல்லே கிடையாது, ரொட்டியை நனைத்துத்தான் தின்கிறது. அதைச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். அது என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. நேற்றுப் போய் உண்மையைச் சொல்லி அவிழ்த்துவிட்டேன்.

இன்று பூங்கா அலுவலகத்துக்கும் போனேன். ஆறு பேர் இருந்தார்கள். “எனக்குப் புல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, நான் லிஃப்ட் ஓட்டினவன்” என்றேன். ஒரு குமாஸ்தா சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. “அப்ப யாருக்குத்தான் தெரியும்?” என்றார்.

“என் அக்கா மகளுக்குத் தெரியும். பாத்தி பூரா அவ போட்டது. எதை எப்ப அறுக்கணும், எதைத் தொடவே கூடாதுன்னு லெட்டர்லயே எழுதியிருக்கா, பாருங்க” என்று உன் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். உன் முகவரியை எழுதிக்கொண்டார்.

முப்பது வருடம் பெரிய பெரிய ஆட்களை மேலே ஏற்றிவிட்டேன். இன்றைக்கு மாதிரி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. ஆனால் உன் குத்து ஒன்று போய்விட்டது.

மாமா

பிப்ரவரி 8

அன்புள்ள மாமா,

கோபத்தில் பதில் எழுதாமல் இருந்தேன். அந்தப் பெரிய குத்துதான் நான் முதலில் நட்டது.

பூங்கா அதிகாரி எனக்கு எழுதியிருக்கிறார். மூன்று நாட்டு அரசாங்கத் தோட்டங்களுக்கு நான் ஆலோசனை சொல்வது உண்மையா என்று கேட்கிறார். ஆறு பேர் முன்னால் எல்லா உண்மையும் சொன்னதாக எழுதினீர்களே மாமா. ஒரு நாடும் இல்லை, இன்னும் படிக்கிறேன் என்று பதில் போட்டேன். பரவாயில்லை, ஏப்ரலில் வந்து பாத்தியைக் காட்டுங்கள், முற்றத்துக்கு வரைபடம் கொண்டுவாருங்கள் என்கிறார்.

குதிரைவாலை அறுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. நீங்களே அறுங்கள், ஆள் வைக்காதீர்கள். முளை வந்ததும் எத்தனை குத்து பிழைத்தது என்று எழுதுங்கள். கூட்டாமல் குறைக்காமல்.

எலிக்குட்டி

மார்ச் 17

எலிக்குட்டிக்கு,

கட்டி, சாண் வைத்து அறுத்தேன். இன்ஸ்பெக்டரைக் கோதிவிட்டேன், கையெல்லாம் கீறல்.

இன்று காலை மண்டியிட்டு ஒவ்வொரு தூராக விரலால் விலக்கிப் பார்த்தேன். உன் அம்மாவையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், என் கணக்கை நீ நம்பமாட்டாய் என்று. பதினைந்து குத்திலும் பச்சை வந்திருக்கிறது.

பதினைந்து. இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

மாமா