தொலைநோக்கிக்கு வைத்த பொட்டு

கடலாடி,
மாசி, புதன்கிழமை.

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் ஆடுகளும் நலம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க நம் காளியம்மா துணையிருப்பாள். வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். உன் அய்யா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்னத்தைப் பேச. எதிர்வீட்டுச் சுகந்தியின் மகள் நாளை உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள், பருப்புப்பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொங்கலுக்கு நீ வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டர் தொலைநோக்கியில் ஒரு கோளாறும் இல்லை. கடைக்காரனிடம் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்றாயே, அதெல்லாம் வேண்டாம். கோளாறு உன் அய்யாவின் கண்ணில். பயந்துவிடாதே, முழுக்கப் படி.

அது வந்த அன்று நடந்ததிலிருந்து சொல்கிறேன், சிரிக்காமல் கேள். புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் நான் சும்மா விடுவேனா, பூ வைத்து, சூடம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்தேன். குழாயின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி நிற்கிறது பார், அதுதான் நெற்றி மாதிரி இருந்தது, அதில் ஒரு பொட்டு. அது குறிபார்க்கிற கண்ணாடி என்று எனக்கு யார் சொன்னார்கள்? உன் அய்யா வீடியோ பார்த்துப் படித்தவர், பகலிலேயே செல்போன் டவர் உச்சியைப் பெரிய குழாயில் பிடித்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை அதே உச்சிக்குக் கொண்டுவர வேண்டுமாம். திருகுகிறார் திருகுகிறார், புள்ளி அசையவே இல்லை. இருட்டினால் புள்ளியே காணோம். பகலில் மட்டும் எரியும் லைட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வாரம் கத்தினார். துடைக்கப் போனபோதுதான் அது என் குங்குமம் என்று கண்டுபிடித்தேன். நிஜப் புள்ளிக்கு பேட்டரியில் செருகியிருந்த பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போட வேண்டுமாம், அதை ஒருவரும் இழுக்கவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் எழுந்துவிட்டன.

அதற்கப்புறமும் அது வழிக்கு வரவில்லை. மூன்று காலும் சமமாக நிற்க வேண்டும், ஊரும் நேரமும் சொல்ல வேண்டும், அதெல்லாம் சரியாகத்தான் செய்தோம். தேதியில்தான் சறுக்கினோம். அதை ஓட்டுவதற்குப் பொத்தான் வைத்த கைப்பெட்டி ஒன்று இருக்கிறதே, அது மாதத்தை முன்னால் கேட்கிறது, உன் அய்யா நம் வழக்கப்படி தேதியை முன்னால் போட்டுவிட்டார், நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னால் அது எங்கள் வேப்பமரத்தைக் காட்டியது. நீ போனில் சொன்ன பிறகு அதையும் திருத்தினோம். இனி இரண்டு நட்சத்திரத்தைக் குழாயின் நடுவில் நிறுத்திக் காட்டினால் மற்றதையெல்லாம் அதுவே தேடிக்கொள்ளுமாம், ஆனால் உன் அய்யாவுக்கு ஒரு நட்சத்திரமும் சிக்கவில்லை. அதைத்தான் அலைன்மென்ட் ஆகவில்லை, அலைன்மென்ட் ஆகவில்லை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னிடம் புலம்பினார்.

போன வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு அவரை நகரச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். தெற்கே பளிச்சென்று நிற்கும் சிரியஸை நடுவில் கொண்டுவந்து பொத்தானை அமுக்கினேன், வடக்கே கேப்பெல்லா என்று ஒன்றைக் கேட்டது, அதையும் நடுவில் நிறுத்தி அமுக்கினேன். முடிந்தது என்று எழுத்து வந்தது. வியாழன் என்று கேட்டேன், உறுமிக்கொண்டே தானாகத் திரும்பிப் போய் நின்றது பூங்கோதை. சந்தன உருண்டை மாதிரி வியாழன், இருபுறமும் வரிசையாக நான்கு பொடிப் புள்ளிகள். குருப்பெயர்ச்சிக்குக் குருப்பெயர்ச்சி அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம், ஆளை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். உன் அய்யாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, வெறும் புகையாகத் தெரிகிறது, நீ அமுக்கிக் கெடுத்துவிட்டாய் என்கிறார். நான் பார்த்தால் இருக்கிறது, அவர் பார்த்தால் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு தடவையும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணைத்தான் வைக்கிறார். என் கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தி, இதில் பாருங்கள் என்றேன். பார்த்தார். நான்கு புள்ளியையும் எண்ணினார். மறுபடி வலது கண்ணை வைத்தார், மறுபடி இடது. அப்புறம் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு கண்ணாக மூடி டவர் விளக்கைப் பார்த்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியாழனைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் ஒரு துளி இல்லை. போன மாதம், தான் இப்போது ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைக் கேட்டில் உரசிவிட்டு, கேட்டைக் கோணலாக வைத்திருக்கிறான் என்று வந்து சொன்னாரே, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அதே நினைப்புதான். "ஒத்தக் கண்ணு அவிஞ்சது தெரியாம இத்தன பச்சப் புள்ளைகள ஏத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே முருகம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். அரசு பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷன். நான் என்ன சமாதானம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வேன் முதலாளி ஹமீது சுல்தான் வீட்டுக்கு நடந்தே போய்ச் சாவியைக் கொடுத்திருக்கிறார். மறைக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னாராம். முதலாளி ஒரு கடிந்த சொல் சொல்லவில்லை, வேறு டிரைவருக்குச் சொல்லிவிட்டுத் தன் காரிலேயே ராமநாதபுரத்துக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். நல்ல மனுஷர். புரை முற்றியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் இடது கண் ஈடுகட்டிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும் என்றார் டாக்டர். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி நாள் குறித்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு உன் அய்யா பயப்படவில்லை. உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பயப்படுகிறார். நீ லீவு போட்டு ஓடிவந்துவிடுவாயாம். சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் வாயால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், கையால் எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவராகவே மனசு மாறி, ஞாயிற்றுக்கிழமை நானே பிள்ளையிடம் பேசுகிறேன், பெத்த பிள்ளையிடம் என்ன மறைப்பு என்றார். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன், திடீரென்று கேட்டு நீ பதறிவிடக் கூடாது. நான் கூட இருக்கிறேன், மாமாவும் தொண்டியிலிருந்து வருகிறார், நீ வர வேண்டியதில்லை. மாசமாக இருக்கிறவள் படியில் ஓடாதே, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளைக்கும் பொடியை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடு. காளியம்மா உங்கள் இரண்டு பேரையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாள். கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார், நடுவில் நிறுத்துவார், அழுதாலும் அழுவார். அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் உனக்கு எதுவுமே தெரியாது.

உன் அம்மா,
கு. முருகம்மாள்