அழிக்கச் சொன்ன குரல்

மார்ச், செவ்வாய். அல்சூர்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் தமிழிலேயே பேசித் தூதரகத்துக்குப் புகார் சொல்ல ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். இன்று வெளியுறவு அமைச்சகத்தோடு மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் என்னிடம் வந்தார்.

"ஃபண்ட் பூரா டேஷ்போர்டுக்குப் போயிடுச்சும்மா. தமிழ் வாய்ஸ் இந்த வருஷம் இல்ல. டெஸ்ட் ஆடியோ எல்லாம் அழிச்சிடு."

எத்தனை புகார் வந்தது என்று அதிகாரிகளுக்குக் காட்டும் பெரிய திரைதான் டேஷ்போர்டு. சொல்லவே வழியில்லை, எண்ணுவதற்குத் திரை!

அழிக்கும் முன் என் வீட்டுக்காரர் குரலைப் போட்டுக் கேட்டேன். தோஹாவில் இருக்கிறார். டெஸ்டுக்காக ஏதாவது புகார் சொல்லச் சொல்லி நான்தான் கேட்டிருந்தேன்.

"பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வெச்சிக்கினாரு. கேட்டா குடுக்க மாட்றாரு. ஊருக்குப் போவணும் சார்."

நன்றாக நடிக்கிறீர்கள் என்று அன்று சிரித்தேன். பிறகு, பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று சண்டையும் போட்டேன். லீவு இல்லை என்றார்.

இன்று அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அழிக்கவில்லை. அறைக்கு வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.

"எங்கிட்டதான் இருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்ட்டியா?"

இதுதான் நடிப்பு.