கடைசி வரிசைக் கைக்குட்டை

மட்டாஞ்சேரி,
ஆடித் திங்கள், 1979

அன்பு மகள் பாக்கியலக்ஷ்மிக்கு,

பம்பாயில் நீயும் மருமகனும் குறையின்றி இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நானும் உன் தாயும் உடலால் நலம், உள்ளத்தால் அன்று. உன் மாமன் சிவசங்கரன் படுத்த படுக்கையாகிவிட்டான். தொண்டையில் வந்த புற்று குரலைக் கொண்டுபோய்விட்டது. உயிரையும் விட்டுவைக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். உன் தாய் தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள்; பாதி அப்படியே திரும்பி வருகிறது.

அவன்மீது உனக்குள்ள சினத்தை நான் அறிவேன். பகலெல்லாம் மிளகுக் கிடங்கில் கணக்கெழுதி, மாலையில் படகேறி எறணாகுளம் சென்று, தன் காசில் சீட்டு வாங்கிக் கடைசி வரிசையில் அமர்ந்து நாடகம் பார்த்தவன் அவன். நடிப்பவர் குரல் அங்கே எட்டாவிட்டால் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்திக் காட்டுவான். அதற்கு அஞ்சாத நடிகர் கொச்சியில் இல்லை. தமிழாயினும் மலையாளமாயினும், நண்பனாயினும் பகைவனாயினும், கண்டதைக் கண்டபடி சென்னை இதழுக்கு எழுதினான். கவிதையோ, வாழ்நாளெல்லாம் எழுதி ஒரே ஒரு மெல்லிய நூல். தமிழ்ச் சங்க மேடையில் மகனை இழந்த தாயாக நீ நின்ற அன்று அந்தக் கைக்குட்டை உயர்ந்தது. நீ பாதியில் இறங்கிப் போனாய். இதழிலும் அவன் ஒரு வரி எழுதவில்லை. அதன்பின் நீ மேடை ஏறவுமில்லை, அவனோடு பேசவுமில்லை.

நேற்று உன் தாயோடு போய், அவனுடைய படகுத்துறைக் கவிதையைக் கட்டிலருகே நின்று படித்தேன். நான் படித்தால் எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். "மெதுவா அண்ணே, இது எலக்ஷன் மீட்டிங்கா? ஆளு பக்கத்துலதானே கெடக்காரு" என்றாள் உன் மாமி மாயம்மாள். அவனும் சிரித்தான். குரலைத் தாழ்த்தினேன். கடைசிப் படகு போனபின் துறையில் ஒருத்தி நிற்கும் இடம் வந்ததும் கைக்குட்டை உயர்ந்தது. எட்டவில்லை போலும் என்று நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதீங்க அண்ணே, கண்ணைத் தொடைக்கத்தான் எடுத்தாரு. அன்னைக்கு நம்ம பாக்கியம் நடிச்சப்பவும் இதேதான், பக்கத்துல இருந்து பார்த்தவ நான். அது பாவம், தப்பா எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிருச்சு" என்றாள். அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "பின்னே? சொல்ல விட்டாத்தானே! மருமகளுக்காக அழுதேன்னு தெரிஞ்சா இனி என் எழுத்தை எவன் நம்புவான்னு என் வாயையும் பொத்திட்டாரு" என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மகளே, எத்தனையோ மேடைகளில் நீதி கேட்டு முழங்கியவன் நான். அந்தக் கட்டிலின் முன் மீதிக் கவிதையை முணுமுணுப்பாகத்தான் படித்து முடித்தேன். சற்றுப் பொறுத்து அவன் நூலை என் கையிலிருந்து வாங்கி, உன் தாயிடம் நீட்டி, உன் பெயரை உதடசைத்துச் சொன்னான். ஒலி இல்லை. ஆயினும் எங்களுக்குக் கேட்டது.

நீ வந்து அதை அவனுக்குப் படிக்கவேண்டும். மருமகனிடம் நான் வேண்டியதாகச் சொல். தந்தி கொடு, நிலையத்துக்கு நானே வருகிறேன். இங்கே மழை வலுத்திருக்கிறது, குடையை மறவாதே. நீயும் உன் இல்லமும் நீடு வாழ்க. நீ படிக்கும்போது கைக்குட்டை உயர்ந்தால் நிறுத்திவிடாதே, அம்மா. அது எங்கே போகிறது என்று பார்.

உன் தந்தை,
சங்கரலிங்கம்